தலை வந்துச்சு, உடம்பு வரல

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு
பாம்பன் சின்னப்பாலத்தில்
கடலுக்கடியில் ஓர் ஊருக்கு விளக்குப் போடுவார்கள்.
ஹமீது மரைக்காயர் வீட்டு டிவியில்.
கொழும்பிலிருந்து வரும் படம் அது.
பாஸ்போர்ட் கிடையாது, வள்ளம் கிடையாது,
எந்த நேவியும் மறிக்காமல்
தலைமன்னாரைத் தாண்டி வந்து
மாடியில் ஓர் அலுமினியக் குச்சியில் உட்காரும்.

பெயர் தெரியாது. எழுத்தெல்லாம் ஜாங்கிரி.
பேச்சும் சிங்களம்.
நாங்களே பெயர் வைத்தோம்.
தொடருக்குக் கண்ணாடிப் பட்டினம்.
தாடிக்கார கேப்டனுக்குச் சம்மாட்டி.
கதவு திறந்துவிடும் இயந்திரத்துக்கு
ஓட்டுக்கணவாய்.
(எட்டுக் கைதானே இருக்கு,
கணவாய்க்குப் பத்துடா என்று
மிக்கேல் ஒரு வாரம் பேசவில்லை.)
மஞ்சள் மாத்திரை விழுங்கி
நீருக்குள் மூச்சுவிடும் சிறுமிக்குச்
சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.
கித்தேரி என்று வந்தது.
என் பெயர்தான்.
சீட்டு எழுதியதும் நான்தான்.

கச்சான் அடங்கிய நாளில் படம் தெளிவு.
வாடை எழுந்தால்
திரை முழுக்க நெத்திலி துள்ளும்.
உடனே இன்னாசி மாடிக்கு ஓடுவான்.
கம்பத்தைத் திருப்புவான்.
"வந்துச்சா?"
"தலை வந்துச்சு, உடம்பு வரல."
"இப்ப?"
"உடம்பு வந்துச்சு. அது வேற ஆளு."

எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை,
இருபத்தாறு வாரமும் அவன் மேலேதான் இருந்தான்.
முடிந்ததும் இறங்கி வருவான்,
உள்ளங்கை எல்லாம் துரு.
"என்னாச்சு?"
நான் சொல்வேன்.
எனக்கு மட்டும் என்ன சிங்களமா தெரியும்?
வாய் அசைந்த அளவுக்குக் கதை விட்டேன்.

அந்த நேரத்துக்குத்தான் அம்மா
தீவுப் பக்கம் பாசி எடுத்துத் திரும்புவாள்.
விரல்களில் துணிச்சுற்று,
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி,
நீந்தக் காலில் கட்டும் இரண்டு தகரத் தட்டுகள்
கையில் டணங் டணங்கென்று இடிக்கும்.
"ஏய் கித்தேரி, உங்கம்மா இதுக்குள்ளேருந்து வர்றாங்க"
என்று டிவியைக் காட்டுவான் மிக்கேல்.
எனக்குக் கோபம் வரும்.
ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கடைசி வாரம் ஐப்பசி மழை.
பட்டினத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்தது.
சம்மாட்டி ஏதோ கத்தினார்.
சிறுமி அந்தப் பெரிய இரும்புக் கதவின் முன் நின்றாள்.
கையை வைத்தாள்.
நெத்திலி.
அதற்கப்புறம் நெத்திலிதான்.
ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.
மேலே மழையில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு
"வந்துச்சா? வந்துச்சா?" என்கிறான் இன்னாசி.
"வந்துச்சு!" என்று கத்தினேன்.
"அப்படியே பிடி!"

பல் தந்தியடிக்க இறங்கி வந்தவன்
"கதவு தொறந்துச்சா?" என்றான்.
தொறந்துச்சு.
நீந்தி நீந்தி மேல வந்தா.
வந்து பாத்தா நம்ம பாலம்.
தண்ணில ஒரு பொம்பள,
காலுல தட்டு கட்டி,
பாசி மூட்டையப் பிடிச்சுக்கச் சொல்லி
கரைக்கு இழுத்துட்டு வந்தாங்க.
"உங்கம்மா மாதிரியா?"
"கொஞ்சம்."

இன்னாசி இப்போது தோஹாவில்
கடலுக்கடியில் குழாய் பற்றவைக்கிறான்.
போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில்
அவன் மகள் அனிலா ஒரு படம் காட்டினாள்.
இரும்புக் கதவு. சிறுமி. பக்கத்தில் ஒருத்தி.
ஓட்டுக்கணவாய்க்குக் கைகள் பத்து.
அப்பா தூங்கும்முன் சொல்லும் கதையாம்.
"அத்தை, நீங்க நேர்ல பாத்தீங்கல்ல,
அந்தத் தட்டு எவ்ளோ பெருசு?"
பின்னால் இன்னாசி,
வாயைத் திறந்தபடி, அதே முகம்,
பதிலுக்குக் காத்திருந்தான்.

அளந்து சொல்கிறேன் என்றேன்.
ஒரு தட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
மற்றதில்
அம்மா கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாள்.